பல்லுக்கு அஞ்சாத அழுங்கு கைக்குத் தப்புமா?

காட்டில் வாழும் உயிரினமொன்று தன்னை இரையாக்க வரும் விலங்கிடமிருந்து தப்புவதற்கு இயற்கை வகுத்துக் கொடுத்துள்ள வழிகள் பெரும்பாலும் மூன்றே. ஓடுதல், ஒளிதல், எதிர்த்து நிற்றல் என்பனவே அவை. மான் ஓடுகின்றது. முயல் புதருக்குள் ஒளிகின்றது. காட்டுப்பன்றி தன் கோரைப்பற்களைக் காட்டி எதிர்த்து நிற்கின்றது. இம்மூன்றிலும் அடங்காத நான்காவது வழியொன்றைக் கைக்கொள்ளும் விலங்கொன்றும் உண்டு. ஆபத்து நெருங்கியதும் அது தன்னையே ஒரு பூட்டாக மாற்றிக்கொண்டு, நின்ற இடத்திலேயே கிடந்து விடுகின்றது. அதுவே அழுங்கு.

எறும்புண்ணி, எறும்புதின்னி என்றும் தமிழில் இதனை அழைப்பர். சிங்கள மக்கள் கெபெல்லேவா என்பர். ஆங்கிலத்தில் வழங்கும் பங்கோலின் என்ற பெயரோ மலாய் மொழியிலிருந்து பிறந்ததாகும். சுருண்டு உருள்வது என்பதே அதன் பொருள். ஆக, இவ்விலங்கு தன்னைக் காத்துக்கொள்ளும் முறையே உலகம் அதற்கு இட்ட பெயராகவும் அமைந்து விட்டது.

கண்டி மாவட்டத்தின் தெல்தெனியவும் அதனைச் சூழ்ந்த பிரதேசங்களும் காட்டு விலங்குகளுக்கும் மனிதருக்கும் இடையிலான எல்லை மிக மெலிந்து போயுள்ள பகுதிகளாகும். ஒரு பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கமும் அதனையொட்டிய சரணாலயமும். மறுபக்கம் தும்பறை என்றும் நக்கிள்ஸ் என்றும் அழைக்கப்படும் மலைத்தொடர். இடையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் கிராமங்கள், தோட்டங்கள், வீட்டுத் தோட்டங்கள், கண்டி - மகியங்கனை வீதி. இத்தகையதொரு நிலப்பரப்பில் அழுங்கு எவ்வாறு உயிர் தப்புகின்றது, எங்கே தோற்றுப் போகின்றது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும். ஏனெனில் அதன் தோல்வியில் நமக்கும் பங்குண்டு.

ஒரே தொழில், வேறு வேறு தற்காப்பு

எறும்பையும் கறையானையும் உண்டு வாழ்வதென்பது இலகுவான தொழிலன்று. சின்னஞ்சிறு பூச்சிகளைக் கொண்டு பெரிய உடலைப் பேண வேண்டுமாயின் இரவு முழுவதும் மண்ணைக் கிளறியவாறு அலைய வேண்டும். மண்ணைக் கிளறும் நகமும் பூச்சிகளை ஒட்டியெடுக்கும் நாவும் இருந்தால் போதும். கடித்துக் கிழிக்கும் பற்கள் தேவைப்படுவதில்லை. எனவே இத்தொழிலைச் செய்யும் விலங்குகள் பல கொடிய பற்களற்றவையாகவும், வேகமாக ஓட இயலாதவையாகவும் இருக்கக் காண்கின்றோம். அவ்வாறாயின் அவை எங்ஙனம் பிழைத்து வந்தன என்ற கேள்வி எழுகின்றது.

ஆபிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே வாழும் ஆர்ட்வார்க் என்ற விலங்கு இதற்கு ஒரு விடையைத் தருகின்றது. பன்றி போன்ற உடலும் முயல் போன்ற நீண்ட காதுகளும் கொண்ட இவ்விலங்கின் பெயருக்கு மண்பன்றி என்பது பொருள். சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி, காட்டு நாய், மலைப்பாம்பு ஆகிய அனைத்தும் அதற்குப் பகையாகும். ஆகவே இரவில் வளையை விட்டு வெளியேறுமுன் அது வாயிலில் நின்று நெடுநேரம் முகர்ந்து பார்க்கின்றது. காதுகளை நிமிர்த்தி ஓசைகளைக் கேட்கின்றது. ஆபத்தில்லை என்று உறுதி செய்த பின்னரே வெளியே வருகின்றது. மேயும்போது பகை நெருங்கினால் வளைந்து வளைந்து ஓடி, அருகிலுள்ள ஏதேனுமொரு வளைக்குள் புகுந்து கொள்கின்றது. வளை எட்டாத் தொலைவிலிருந்தால் நின்ற இடத்திலேயே மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கி விடுகின்றது. அதற்கும் வழியற்றுப் போனால் மல்லாந்து படுத்து நான்கு கால்களின் நகங்களாலும் தாக்குகின்றது. அதன் தடித்த தோலும் ஓரளவு கவசமாக உதவுகின்றது.

தொழிலால் ஒன்றுபட்ட போதிலும் ஆர்ட்வார்க்கும் அழுங்கும் உறவினரல்ல. உயிரியல் ஆய்வுகளின்படி ஆர்ட்வார்க் யானை சார்ந்த தொல்குடியின் ஒரு கிளையாகும். அழுங்கோ, பூனை, நாய், சிறுத்தை ஆகியவற்றை உள்ளடக்கிய ஊனுண்ணிகளின் வரிசைக்கு மிக அண்மையிலுள்ளது. தன்னை வேட்டையாடும் சிறுத்தைக்கே தூரத்து உறவாக அழுங்கு அமைந்திருப்பது இயற்கையின் விந்தைகளில் ஒன்று எனலாம். ஆர்ட்வார்க் தப்பியோடும் கலையை வளர்த்துக்கொண்டது. அழுங்கு ஓடாமலிருக்கும் கலையை வளர்த்துக்கொண்டது.

அழுங்கின் அரண்கள்

உலகில் அழுங்கு இனங்கள் எட்டு உள்ளன. நான்கு ஆசியாவிலும் நான்கு ஆபிரிக்காவிலும் வாழ்கின்றன. இலங்கையில் காணப்படுவது இந்திய அழுங்கு எனப்படும் ஒரேயொரு இனமாகும். இதனைக் காக்கும் அரண்களை ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவோம்.

முதலாவது அரண் இருள். அழுங்கு இரவில் மட்டுமே நடமாடும். தனித்தே திரியும். அதன் பார்வை கூர்மையானதன்று. மோப்ப சக்தியே அதற்கு வழிகாட்டி. நமது கிராமங்களில் வாழ்நாள் முழுவதும் காட்டோரத்தில் வசித்தவர்களிற் பலர் அழுங்கை உயிருடன் கண்டதேயில்லை என்று கூறுவதற்குக் காரணம் இதுவேயாகும்.

இரண்டாவது அரண் வளை. முன்னங்கால்களிலுள்ள நீண்ட நகங்களால் அது இருவகையான குழிகளைத் தோண்டுகின்றது. இரை தேடுவதற்காகத் தோண்டப்படுபவை ஆழங்குறைந்தவை. பகலில் உறங்குவதற்காகத் தோண்டப்படுபவை ஆழமானவை; மண் இளகிய இடங்களில் பல மீற்றர் வரை நீளக்கூடியவை. உள்ளே சென்றதும் வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும் வழக்கமும் அதற்குண்டு.

மூன்றாவது அரணே அழுங்கின் சிறப்பு. தலையின் மேற்புறம் தொடங்கி வால் நுனி வரை ஓட்டுக் கூரை போல ஒன்றின்மீது ஒன்றாக அடுக்கப்பட்ட செதில்கள் அதன் உடலை மூடியுள்ளன. பாலூட்டிகளுள் இத்தகைய செதில்களையுடையது அழுங்கு மட்டுமே. இச்செதில்கள் எலும்பினாலானவையல்ல. நமது நகமும் தலைமயிரும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே கெரற்றின் என்ற பொருளால் ஆனவை. வயிறு, தொண்டை, முகத்தின் கீழ்ப்புறம், கால்களின் உட்புறம் ஆகிய பகுதிகளில் செதில் கிடையாது. ஆகவே ஆபத்தை உணர்ந்ததும் அழுங்கு தலையை வயிற்றுக்குள் மடித்து, அதன்மேல் அகன்ற வாலைப் போர்த்தி, முழு உடலையும் பந்தாகச் சுருட்டிக்கொள்கின்றது. மென்மையான பகுதி எதுவும் வெளியே தெரிவதில்லை. உடலின் தசைகள் அத்துணை வலுவுடையன. சுருண்ட அழுங்கை விரிப்பது பலசாலியான மனிதருக்கும் எளிதன்று.

சிறுத்தையின் நிலையிலிருந்து இதனைச் சிந்தித்துப் பார்த்தல் நன்று. சிறுத்தை கொல்வது கழுத்தைக் கவ்வி. இங்கே கவ்வுவதற்குக் கழுத்து இல்லை. உருண்டையான பொருளில் பல் வழுக்குகின்றது. நகத்தைச் செருகினால் செதிலின் கூரிய விளிம்பு கீறுகின்றது. அழுங்கு அசையும்போது செதில்களுக்கிடையே அகப்பட்டது நசுங்கவும் கூடும். தசை நிரம்பிய வாலின் வீச்சும், வாலடியிலுள்ள சுரப்பியிலிருந்து வெளிவரும் துர்நாற்றமும் தொல்லை தருகின்றன. ஆபிரிக்காவில் சிங்கங்கள் சுருண்ட அழுங்கை நெடுநேரம் புரட்டிப் பார்த்துச் சலித்து விலகிச் சென்ற காட்சிகள் படமாக்கப்பட்டுள்ளன. இந்த வெற்றி எப்போதும் உறுதியானதன்று. பொறுமை மிக்க சிறுத்தை சில வேளைகளில் வெல்வதுண்டு. ஆயினும் பசித்த ஊனுண்ணிக்கு நேரமும் காயமும் பெருஞ்செலவாகும். அந்தச் செலவை அதிகரிப்பதன் மூலமே அழுங்கு தன் உயிரைக் காத்துக்கொள்கின்றது.

இதே கணக்கை வேறொரு விதத்தில் போடும் விலங்கு நமது பகுதிகளிலுள்ள முள்ளம்பன்றியாகும். அது முட்களை எய்வதாகக் கூறப்படுவது வெறும் கதையே. முட்களைச் சிலிர்த்து ஒலியெழுப்பி எச்சரித்து, பின்னோக்கிப் பாய்ந்து அவற்றைப் பகையின் உடலில் குத்துகின்றது. அழுங்கோ எவரையும் குத்துவதில்லை. கடிப்பதற்கு அதற்குப் பற்களேயில்லை. விழுங்கிய பூச்சிகளை வயிற்றிலுள்ள சிறு கற்களே அரைக்கின்றன.

நான்காவது அரண் தாய்மை. அழுங்கு பெரும்பாலும் ஒரே தடவையில் ஒரு குட்டியையே ஈனுகின்றது. குட்டியின் செதில்கள் தொடக்கத்தில் மென்மையானவை. தாய் அதனைத் தன் வாலின் அடிப்பகுதியில் சுமந்து செல்கின்றது. ஆபத்து வந்தால் குட்டியை வயிற்றோடு அணைத்து, அதனைச் சுற்றித் தன் உடலைச் சுருட்டிக்கொள்கின்றது. ஒரே குட்டி என்பதையும் நாம் மனத்திற் கொள்ள வேண்டும். இழந்த எண்ணிக்கையை விரைவில் ஈடுசெய்யும் ஆற்றல் இவ்வினத்துக்கு இல்லை.

பூட்டு திறக்கும் இடம்

மேற்கூறிய அரண்கள் யாவும் பல்லையும் நகத்தையும் எதிர்கொள்வதற்காக நெடுங்காலமாக உருவானவை. கையை எதிர்கொள்வதற்காக உருவானவையல்ல. சிறுத்தையால் உருட்ட மட்டுமே முடிந்த பந்தை மனிதன் குனிந்து எடுத்துச் சாக்கிலே போட்டுக்கொள்கின்றான். அது ஓடாது. கடிக்காது. கூச்சலிடாது. சிறுத்தையிடமிருந்து அதனைக் காப்பாற்றிய அதே செயல், மனிதனிடம் அதனை எவ்வித எதிர்ப்புமின்றி ஒப்படைத்து விடுகின்றது. துப்பாக்கியோ பொறியோ கூடத் தேவையில்லாத வேட்டையாக அது அமைந்து விடுகின்றது. வளைக்குள் இருந்தால் புகையிட்டோ வெட்டித் தோண்டியோ வெளியேற்றப்படுகின்றது.

இதன் விளைவை உலகளாவிய வணிகத்திற் காணலாம். சீனாவிலும் வியட்நாமிலும் அழுங்கின் செதில் மருந்தென்றும், அதன் இறைச்சி அந்தஸ்துக்குரிய உணவென்றும் கருதப்பட்டு வந்தது. 2019 ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூர் அதிகாரிகள் ஒரு வார காலத்துக்குள் கைப்பற்றிய இரு தொகுதிச் செதில்களின் எடை மாத்திரம் 25 தொன்னுக்கும் அதிகமாகும். அவை நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குச் சென்று கொண்டிருந்தவை. பல்லாயிரக்கணக்கான அழுங்குகளைக் கொன்றாலன்றி அத்துணைச் செதில்களைச் சேர்த்திருக்க முடியாது. நகத்தை அரைத்துக் குடிப்பதால் எந்த நோயும் தீர்ந்ததாக மருத்துவ அறிவியல் நிறுவவில்லை. செதிலும் நகமும் ஒரே பொருளே என்பதை மேலே கண்டோம். ஆயினும் அந்த நம்பிக்கைக்காகவே இவ்வுயிர்கள் பலியாகின்றன.

தென்னாபிரிக்காவின் ஜோஹன்னஸ்பேர்க் நகரில் 2016 இல் கூடிய சைட்டஸ் உடன்படிக்கை நாடுகளின் மாநாடு, எட்டு அழுங்கு இனங்களையும் முதலாம் அட்டவணையிற் சேர்த்து, அவற்றின் சர்வதேச வணிகத்தைத் தடை செய்தது. சீனா 2020 இல் அழுங்குக்கு அதியுயர் பாதுகாப்பை வழங்கியதுடன், அவ்வாண்டு வெளியான தனது மருந்துப்பொருள் ஏட்டின் மூலப்பொருட் பட்டியலிலிருந்து அதன் செதிலை நீக்கியது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்திய அழுங்கு அழிவாபத்தை எதிர்நோக்கும் இனமாக இடம்பெற்றுள்ளது. இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட விலங்காகும். அதனைப் பிடிப்பதும் கொல்வதும் அதன் இறைச்சியையோ செதிலையோ வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும்.

கை மாத்திரமே அழுங்கின் பகையன்று. மனிதன் அமைத்த வேறு பொருட்களும் அதே வகையில் அதனை ஏமாற்றுகின்றன. தென்னாபிரிக்காவில் மின்வேலியின் தாழ்ந்த கம்பியில் பட்டு அதிர்ச்சியடையும் அழுங்கு, அதனைப் பகையின் தாக்குதலெனக் கருதி அக்கம்பியைச் சுற்றியே சுருண்டு கொள்கின்றது. விலகி ஓடியிருந்தால் பிழைத்திருக்கும். சுருண்டதனால் மீண்டும் மீண்டும் மின்சாரம் தாக்கி மடிகின்றது. வீதியிலும் நிலை இதுவே. வாகனத்தின் வெளிச்சமும் அதிர்வும் நெருங்கும்போது அழுங்கு வீதியின் நடுவிலேயே நின்று சுருளக் கூடும். சிறுத்தையின் பல்லுக்கு ஈடுகொடுக்கும் செதில் லொறியின் சக்கரத்துக்கு ஈடுகொடுக்காது.

தெல்தெனியவின் நிலை

தெல்தெனிய பிரதேசத்து மக்களுக்கு வாழிடத்தை இழத்தல் என்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டு 1985 இல் திறந்து வைக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீரில் பழைய தெல்தெனிய நகரமே மூழ்கியது. நீர்மட்டம் பெரிதும் தாழும் வரட்சிக் காலங்களில் அதன் எச்சங்கள் வெளியே தெரிவதுண்டு. மக்கள் மேட்டு நிலங்களில் குடியமர்த்தப்பட்டனர். புதிய நகரமும் புதிய வீதிகளும் எழுந்தன. மனிதருக்கு மாற்றிடம் வழங்கப்பட்டது. அந்தப் பள்ளத்தாக்கின் மண்ணில் வளை அமைத்து வாழ்ந்த உயிர்களோ தாமாகவே மேலேறி இடம் தேட வேண்டியிருந்தது.

நீரேந்து பகுதியைக் காக்கும் நோக்குடன் 1987 இல் விக்டோரியா - ரந்தெனிகல - ரந்தம்பே சரணாலயம் பிரகடனப்படுத்தப்பட்டது. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000 ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் அது இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இவை வரவேற்கத்தக்க ஏற்பாடுகளே. ஆயினும் இரவில் இரை தேடும் விலங்கு வரைபடத்திலுள்ள எல்லைக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. எறும்புப் புற்று இருக்குமிடமெல்லாம் அது செல்லும். காட்டிலிருந்து தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து வீட்டு வளவுக்கும் அது வரும். சட்டத்தின் வேலி முடிவடைகின்ற இடத்தில் நமது மனச்சாட்சியின் வேலி தொடங்க வேண்டியுள்ளது.

மலைநாட்டின் பெரும் கேடாக மாறியுள்ள கம்பிச் சுருக்குகளையும் இங்கே குறிப்பிடாதிருக்க முடியாது. மரக்கறித் தோட்டத்தை அழிக்கும் காட்டுப்பன்றிக்காக இவை வைக்கப்படுகின்றன என்பது உண்மையே. விவசாயியின் இழப்பும் சிறியதன்று. அவருக்குரிய நிவாரணத்தைக் கோருவது நியாயமே. ஆனால் சுருக்கு, வருவது எதுவென்று பார்ப்பதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணி பிரதேசத் தோட்டமொன்றில் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை சிகிச்சையளிக்கப்பட்டும் உயிரிழந்ததை நாடே அறியும். சிறுத்தைக்கே அக்கதியென்றால், நிலத்தோடு ஊர்ந்து செல்லும் அழுங்கின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

நாம் செய்யக்கூடியவை

அழுங்கை அழிப்பதால் நாம் அடையும் இலாபம் எதுவுமில்லை. அதனை வாழ விடுவதால் இழப்பும் இல்லை. அது பயிரைத் தின்பதில்லை. கோழியைப் பிடிப்பதில்லை. எறும்பையும் கறையானையும் உண்டு அவற்றின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றது. அது கிளறும் மண்ணில் காற்றும் நீரும் இறங்குகின்றன. அது கைவிட்டுச் சென்ற வளைகள் வேறு உயிர்களுக்குப் புகலிடமாகின்றன.

எனவே வீட்டு வளவுக்கோ தோட்டத்துக்கோ அழுங்கு வந்தால் அதனைச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்ப்பதைத் தவிர்த்து, நாய்களைக் கட்டி வைத்து, வெளிச்சத்தை அணைத்து, அது தன் வழியே செல்ல விட வேண்டும். சுருண்டு கிடப்பதை விரிக்க முயலலாகாது. அமைதி திரும்பியதும் அது தானாகவே விரிந்து நடக்கத் தொடங்கும். வீட்டில் வைத்து வளர்க்கலாமென்ற எண்ணமும் தவறானது. அதன் உணவும் இயல்பும் விசேடமானவையாதலால் சிறைப்பட்ட அழுங்குகள் நெடுநாள் பிழைப்பது அரிது. காயப்பட்டதையோ எவரேனும் பிடித்து வைத்திருப்பதையோ அறிந்தால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்துக்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ அறிவிக்கலாம். கண்டி - மகியங்கனை வீதியில் இரவில் வாகனம் செலுத்துவோர் காட்டை ஊடறுக்கும் பகுதிகளில் வேகத்தைக் குறைத்தல் அழுங்குக்கு மட்டுமன்றி மனிதருக்கும் நன்மை பயக்கும்.

உயிர்களிடத்து இரக்கங்காட்டுதல் என்பது நமக்குப் புதிதாகப் போதிக்கப்பட வேண்டிய பாடமன்று. திருக்குறள் கொல்லாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. திருக்குர்ஆனின் 27 ஆவது அத்தியாயம் எறும்பின் பெயராலேயே வழங்குகின்றது. பூனையைக் கட்டிவைத்து உணவளியாது சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதையும், தாகித்த நாய்க்கு நீரளித்தவர் மன்னிக்கப்பட்டதையும் நபிமொழிகள் எடுத்துரைக்கின்றன. தன்னைக் காத்துக்கொள்ள வழியற்ற உயிரிடம் வலியவன் நடந்துகொள்ளும் முறையே அவனது பண்பின் அளவுகோல் என்பதில் இரு மரபுகளுக்குமிடையே வேறுபாடில்லை.

ஆர்ட்வார்க் காதைக் கூர்மையாக்கிக்கொண்டது. முள்ளம்பன்றி முள்ளை வளர்த்துக்கொண்டது. அழுங்கு கவசத்தை அணிந்துகொண்டது. பகைக்கு ஏற்ற பாதுகாப்பை உருவாக்கிக்கொள்ள இயற்கை அவற்றுக்கு இலட்சக்கணக்கான ஆண்டுகளை வழங்கியது. சாக்கும் சுருக்கும் சக்கரமும் அவற்றின் முன் தோன்றிச் சொற்ப காலமே ஆகின்றது. புதிய அரணொன்றை வளர்த்துக்கொள்வதற்கு அழுங்குக்கு இனி அவகாசமில்லை. அந்த இறுதி அரணாக நாமே நிற்க வேண்டியவர்களாயுள்ளோம். கால்மாட்டில் சுருண்டு கிடக்கும் அழுங்கைக் கண்டும் கையை நீட்டாது விலகிச் செல்லும் மனிதனே இன்று அதற்குள்ள மிகப் பெரிய கவசம் என்பதைத் தெல்தெனியவின் மக்கள் மட்டுமன்றி நாம் அனைவரும் உணர்தல் வேண்டும்.